உலோகத் தூளில் செய்த எஸ்எஸ் புஷ்: மூன்று வருட அனுபவம்

கப்பலூரில் உள்ள எங்கள் ஊறுகாய்ப் பட்டறையில் கலவை இயந்திரத்துக்கு, சுழலும் ஷாஃப்டை (தண்டை)த் தாங்கும் வளையமாக முதலில் கன்மெட்டல் (செம்புக் கலவை உலோகம்) புஷ்தான் போட்டிருந்தோம். உப்பும் எலுமிச்சைச் சாறும் தெறித்து அதில் களிம்பு பிடித்தது. நத்தம் மாங்காய் வரும் நாட்களில் வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்தோம். அந்தப் பச்சைக் களிம்பு ஊறுகாயில் இறங்கிவிடுமோ என்ற பயத்தில்தான் 316எல் ரக எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தூளை அச்சில் அழுத்தி, உருகவிடாமல் சுட்டெடுத்த புஷ்ஷுக்கு மாறினேன்.

முதல் செட் 18 நாள்கூட ஓடவில்லை. கீச்சென்று சத்தம், அப்புறம் சூடு, ஒரு மத்தியானம் மோட்டாரே நின்றுவிட்டது. கழற்றினால், 304 ரக எஸ்எஸ் ஷாஃப்டில் புஷ்ஷின் உலோகம் திட்டுத்திட்டாக அப்பிக் கிடந்தது. எஸ்எஸ்ஸைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். உரசலில் அது கிழிந்தால் வெற்று உலோகம் வெற்று உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெத்தென்ற எஃகு என்றால் கேட்கவே வேண்டாம். விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

"புஷ் மேல தப்பில்ல தம்பி, ஷாஃப்டைப் பாருங்க" என்றார் லேத் பட்டறை அண்ணன். புஷ் உட்காரும் இடத்தில் மட்டும் ஹார்டனிங் செய்து (கடினமாக்கி) பாலிஷ் போட்ட 420 ரக எஸ்எஸ் ஸ்லீவை (உறையை) ஷாஃப்டில் மாட்டினார். சத்தம் நின்றது. ஆனால் 420 சீக்கிரம் துருவேறும். சாயங்காலம் துடைத்தே ஆக வேண்டும்.

அடுத்த தப்பு என்னுடையது. புது செட் இறுக்கமாக இருந்ததால், துளையைச் சீவிப் பெரிதாக்கும் ரீமர் போட்டேன். கட்டி எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 8 கிராம் அளவு இருக்கும். இந்த வகைப் புஷ் ஆறரை கிராம்தான். மீதி எல்லாம் நுண்துளை. எண்ணெய் தங்குவது அங்கேதான். சுழலும்போது வெளியே கசியும், நின்றால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ரீமர் அந்தத் துளைகளின் வாயை இழுத்து மூடிவிட்டது. இப்போது சரியான அளவிலேயே வாங்குகிறேன். சோடா போட்ட வெந்நீர்க் கழுவலில் எண்ணெய் போய்விடுவதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உணவுத் தர வெள்ளை எண்ணெயைச் சூடாக்கி இரவு முழுக்க ஊறவைக்கிறேன்.

20 மி.மீ. ஸ்லீவுக்கு ஆரம்பத்தில் 0.03 மி.மீ. இடைவெளி, 26 மாதம் கழித்து 0.07 மி.மீ. எனக்கு முழுத் திருப்தி.

உப்புநீரில் மூழ்கும் அடிப் புஷ்ஷுக்கு மட்டும் இது ஆகாது. துளைக்குள் உப்பு தங்கிப் பழுப்பாகக் கசிந்தது. அங்கே டெஃப்லான் போட்டுவிட்டேன்.