தூக்கிக்கொண்டு போகும் மின்சாரம்: சோலாரா, காத்தாடியா?

மின்கம்பி எட்டாத இடத்தில் ஒரு ஃபேன், இரண்டு லைட், போன் சார்ஜ். இவ்வளவுதான் தேவை, ஆனால் இடம் மாறும்போது அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போக முடியவேண்டும். ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடுகளோடு வந்து டெல்டா வயல்களில் கிடை போடும் கீதாரிகளுக்கு இது வேண்டும், உப்பளத்திலேயே தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு வேண்டும், தேன்பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் வைக்கும் மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு வேண்டும், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த வேதாரண்யம் பக்கத்து ஊர்களுக்கும் வேண்டியிருந்தது. இதைப் பற்றி விசாரித்தால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "சோலாரும் காத்தாடியும் சேர்த்துப் போடுங்கள், பகலில் வெயில், ராத்திரியில் காற்று" என்பதுதான். காத்தாடி என்று இங்கே சொல்வது காற்றில் சுற்றி மின்சாரம் தரும் சின்னக் காற்றாலையை. கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலான இடங்களுக்கு இது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தேவையைக் கணக்குப் போடுவோம். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகை ஃபேன் சுமார் 30 வாட், ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 240 வாட்-மணி. 5 வாட் எல்இடி இரண்டு, ஐந்து மணி நேரத்துக்கு 50. இரண்டு போன் சார்ஜ் செய்ய ஒரு 40. மொத்தம் 330 வாட்-மணி, அதாவது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. பழைய வகை ஃபேன் என்றால் 70, 75 வாட் இழுக்கும், அதற்காகவே இரண்டு மடங்கு பேனலும் பேட்டரியும் சுமக்கவேண்டி வரும். அதனால் ஃபேனை மாற்றுவதுதான் முதல் செலவு.

இப்போது சோலார். தமிழ்நாட்டில் நல்ல வெயில் நாளில் ஒரு 100 வாட் பேனல், எல்லா இழப்பும் போக, 400 வாட்-மணி அளவுக்குத் தரும். மேலே சொன்ன தேவைக்கு அதுவே போதும். எடை ஏழெட்டு கிலோ, ஒரு ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். தரையில் சாய்த்து வைத்தாலே வேலை செய்யும். புயல் அறிவிப்பு வந்தால் எடுத்து உள்ளே வைத்துவிடலாம். குறை இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் பேனலின் உள்சூடு 60 டிகிரியைத் தாண்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் குறைந்து ஏழில் ஒரு பங்கு வரை போய்விடும், அதனால் தகரக் கூரையில் ஒட்டப் படுக்க வைக்காமல் அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள். அப்புறம் நிழல். உள்ளே செல்கள் எல்லாம் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஓரமாக விழுந்தாலே பாதி மின்சாரம் காணாமல் போகும். தோப்புக்குள் வைப்பவர்கள் பேனலைக் கொஞ்சம் தள்ளி வெட்டவெளியில் வைத்து, ஒயரை நீளமாக இழுத்துக்கொள்வதுதான் சரி. ஆனால் 12 வோல்ட்டில் ஒயர் நீள நீள இழப்பும் கூடும். இரண்டு பேனலைத் தொடராக இணைத்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் எம்பிபிடி வகைக்குக் (பேனலின் கூடுதல் வோல்ட்டேஜை வீணாக்காத வகை) கொடுத்தால் அந்தத் தொல்லை குறையும். விலை மலிவு என்று பிடபிள்யூஎம் என்ற எளிய வகைக் கன்ட்ரோலர் வாங்கினால் 18 வோல்ட்டில் வேலை செய்யவேண்டிய பேனலை அது பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், 100 வாட் பேனல் 70 சொச்சம்தான் தரும்.

காத்தாடிக்கு வருவோம். இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு விதி: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்காகும், வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகச் சுருங்கும். 1.2 மீட்டர் விட்டமுள்ள சின்னக் காத்தாடியை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 10 மீட்டர் காற்றில் 200 வாட் வரை தரும். 5 மீட்டர் காற்றில் 25 வாட்டைத் தொட்டால் அதிகம். 3 மீட்டர் காற்றில், அதாவது முகத்தில் இதமாகப் படும் காற்றில், ஒரு சின்ன பல்பு எரியலாம், அவ்வளவுதான். சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், பேட்டரியில் ஒன்றும் ஏறாது.

இந்தக் கணக்குத் தெரிந்தால் ஆன்லைனில் விற்கும் "1000 வாட் காத்தாடி"களிடமிருந்து தப்பிக்கலாம். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் 10 மீட்டர் வேகத்தில் புகும் காற்றின் மொத்தச் சக்தியே 470 வாட் அளவுதான். அதிலும் 59 சதவீதத்துக்கு மேல் எந்தக் காத்தாடியாலும் எடுக்க முடியாது, அது பெட்ஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் கண்டுபிடித்த எல்லை. அந்தச் சின்ன இறக்கையிலிருந்து நிஜமாகவே 1000 வாட் வரவேண்டுமானால் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடிக்க வேண்டும், அந்தக் காற்றில் யாரும் காத்தாடியை நிமிர்த்தி வைத்திருக்க மாட்டார்கள். பேனலுக்கும் இதே போல ஒரு சோதனை உண்டு: உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் விழுகிறது, நல்ல பேனல் அதில் 200, 220 வாட்டைப் பிடிக்கும். 100 வாட் என்று சொல்லும் பேனல் அரை சதுர மீட்டருக்கு ரொம்பச் சின்னதாக இருந்தால் அதை நம்பவேண்டாம்.

அடுத்தது உயரம். தரைக்கு அருகே மரமும் வீடும் காற்றை உடைத்துச் சுழலவிடும், அந்தக் கலைந்த காற்றில் காத்தாடி திசை தெரியாமல் அல்லாடும். சுற்றி 100 மீட்டருக்குள் உள்ள எதைவிடவும் 9 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருக்கவேண்டும் என்பது பழகியவர்கள் சொல்லும் அளவு. தென்னந்தோப்பில் அதற்கு எவ்வளவு பெரிய கம்பம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வெட்டவெளியிலேயே 6 மீட்டர் நீளத்தில் இரண்டு அங்குல ஜிஐ குழாய் 30 கிலோ வரும், அதற்கு மேல் இழுத்துக்கட்ட நாலு பக்கம் கம்பி, முளை, நிமிர்த்த இரண்டு மூன்று ஆள். இதைக் கையோடு எடுத்துப் போகும் சாமான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, தயவுசெய்து கவனியுங்கள். பேட்டரி நிறைந்துவிட்டால் சோலார் பேனலைத் துண்டித்துவிடலாம், அது சும்மா வெயிலில் கிடக்கும். காத்தாடியை அப்படித் துண்டிக்கக்கூடாது. இழுக்கும் சுமை போனதும் கட்டுப்பாடில்லாமல் வேகம் எடுக்கும், வோல்ட்டேஜ் எகிறி கன்ட்ரோலர் எரியும், இறக்கை பிய்ந்து பறக்கும். ஆகவே உபரி மின்சாரத்தை ஒரு ஹீட்டர் கம்பியில் எரித்துத் தீர்க்கும் அமைப்பும், காத்தாடியிலிருந்து வரும் மூன்று ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து அதை நிறுத்தும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். சோலார் கன்ட்ரோலரில் காத்தாடியை நேராக மாட்டவே கூடாது. கார் ஆல்டர்னேட்டரை (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) வைத்துக் காத்தாடி செய்யும் யோசனையும் அடிக்கடி கேட்கிறது; அது சார்ஜ் ஏற்ற நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும், நம் சின்ன இறக்கையோ மிதமான காற்றில் ஐந்நூறைத் தொடும், விட்டுவிடுங்கள்.

சொந்தமாகக் காத்தாடி செய்வதே வீண் என்று சொல்லவரவில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்கோரைக் தீபகற்பத்தில் ஹ்யூ பிகாட் என்பவர் மரத்தில் செதுக்கிய இறக்கை, நியோடைமியம் காந்தம், கையால் சுற்றிய கம்பிச்சுருள் இவற்றைக் கொண்டு உருவாக்கிய வடிவமைப்பைப் பின்பற்றி உலகம் முழுக்கக் காத்தாடி செய்கிறார்கள், அருமையான வேலை. ஆனால் அங்கே டிசம்பரில் பகலே ஏழு மணி நேரத்துக்கும் குறைவு, அதே மாதங்களில் காற்று பலமாக வீசும். வெயில் போகும்போது காற்று வந்து கைகொடுக்கிறது. சோலாரும் காத்தாடியும் சேர்ந்தால் சிறப்பு என்ற யோசனை அந்த மாதிரி ஊர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

நம் ஊரில் நடப்பது வேறு. கிழக்குக் கடற்கரையில் கடல்காற்று பெரும்பாலும் உச்சிப்பொழுதுக்கு மேல், பேனலும் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் வருகிறது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடி பேனல் சோர்ந்துபோகும், மாநிலத்தின் பெரிய காற்றாலைகளும் ஓய்ந்திருக்கும் காலம் அதுதான். அப்போது காற்று என்று வந்தால் புயலாக வரும். ஆக, எப்போது துணை வேண்டுமோ அப்போது காத்தாடி துணைக்கு வராது.

காத்தாடி உண்மையாகவே உதவும் இடங்கள் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டை–தென்காசிப் பக்கம், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய உடுமலை, பல்லடம். வைகாசி முதல் ஆவணி வரை, "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்கிற அந்தக் காற்று இரவு பகல் பார்க்காமல் அடிக்கும். குறிப்பாகத் தென்காசியில் சாரல் நாட்களில் வானம் மூடியிருக்கும்போதே காற்றும் பலமாக இருப்பதால், இரண்டையும் சேர்ப்பதற்கு முழு அர்த்தம் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவையும் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டு பருவக்காற்றும் அங்கே தடையில்லாமல் படும். எதிர்ப்பக்கம் மன்னாரில் இலங்கை 30 பெரிய காற்றாலைகளை நிறுவியிருப்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். இந்த இடங்களில் ஒரே தோட்டத்தில் மூன்று நாலு மாதம் தங்குபவர் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு வயல் மாறும் கீதாரிக்கு வேண்டாம்.

காத்தாடிக்கு ஒதுக்கிய பணத்தை நான் இரண்டாவது 100 வாட் பேனலிலும் பேட்டரியிலும் போடுவேன். மேகமூட்டத்தில் ஒரு பேனல் 100, 150 வாட்-மணிதான் தரும், இரண்டு இருந்தால் தேவைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம், மிச்சத்தைப் பேட்டரி தாங்கும். பேட்டரியில் வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் (ஈய-அமில வகை) வேண்டாம், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்றால் 50 கிலோவுக்கு மேல் இருக்கும், வண்டியில் ஆசிட் சிந்தும், பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12.8 வோல்ட் 100 ஏஎச் பேட்டரி 11, 12 கிலோதான், 1280 வாட்-மணி, நம் கணக்குக்கு மூன்று நாளைக்கு மேல் வரும். வாங்கும்போது எடை போட்டுப் பாருங்கள்; 100 ஏஎச் என்று எழுதி ஆறேழு கிலோ இருந்தால் உள்ளே செல் குறைவு.

கடையில் பேட்டரி, கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே பெட்டியாகக் கிடைக்கும் பவர் ஸ்டேஷனா, நாமே சேர்த்து மாட்டுவதா என்றால், ஒயர் வேலை அறவே தெரியாதவருக்குப் பெட்டி நல்லது, பாதுகாப்பானது. மற்றபடி நாமே மாட்டுவதுதான் என் தேர்வு, ஏனென்றால் பெட்டியில் ஒரு போர்டு போனால் பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாமே சேர்ந்து முடங்கும், கிராமத்தில் அதைத் திறந்து பார்க்க ஆள் கிடைக்காது. தனித்தனியாக இருந்தால் கெட்டுப்போன கன்ட்ரோலரை மட்டும் பக்கத்து டவுனில் வாங்கி மாற்றிவிடலாம். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே ஒரு ஃபியூஸ் போடுங்கள், லித்தியத்தில் ஷார்ட் ஆனால் ஒயர் கண்ணெதிரே பற்றி எரியும். ஃபேன், லைட் இரண்டும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கின்றன, போனுக்கு 12 வோல்ட் யூஎஸ்பி சாக்கெட் இருக்கிறது. இன்வெர்ட்டர் வாங்கவே வேண்டாம், சும்மா ஆன் செய்து வைத்தாலே சில இன்வெர்ட்டர் 10 வாட் தின்னும், ராத்திரி முழுக்க அந்த 10 வாட் என்பது இரண்டு லைட்டின் மொத்தச் செலவைவிட அதிகம்.