மடிப்புப் பல்லாங்குழிப் பெட்டி: வாங்குமுன் குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள்

பெங்களூர்க் கடையில் பல்லாங்குழி என்று கேட்டு, கடைக்காரர் விழித்தால் 'அளகுளி மணெ' என்று சொல்லிப் பாருங்கள். மங்களூர்ப் பக்கத்துக்காரர் என்றால் 'சென்னெ மணெ'. நவராத்திரிக்குப் பொம்மைக் கடைகள் போடும் நாட்களில் தேடுவது சுலபம்.

இங்கே எடைபோடுவது மரத்தில் செய்த மடிப்புப் பெட்டியை. நடுவில் கீல், பாதிக்கு ஏழு குழி, மூடினால் விதை உள்ளேயே தங்கும். ஆபீஸ் விட்டு வந்தவர் கை தானாகப் போகிற மாதிரி டீப்பாய் மேலேயே கிடக்க வேண்டிய பொருள் இது. அலமாரியில் ஏறிவிட்டால் அடுத்த கொலுவுக்குத்தான் இறங்கும். மீன் வடிவப் பலகை பார்வைக்கு அழகுதான். ஆனால் விதைக்குத் தனி டப்பா தேட வேண்டும், அது என்றைக்கும் கைக்கு அகப்படாது.

பெட்டியின் தரம் குழியில் இருக்கிறது. கிண்ணம்போல் சரிந்து இறங்கும் குழியில் நாலு விரலால் ஒரே வழிப்பில் அத்தனை விதையும் கைக்கு வந்துவிடும். எந்திரத்தில் செங்குத்தாகக் குடைந்த தட்டை அடிக்குழியில் ஓரத்தில் இரண்டு விதை ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டிவரும். ஆட்டத்தின் ஓட்டமே போய்விடும். கடையிலேயே பன்னிரண்டு புளியங்கொட்டையைப் போட்டு வழித்துப் பாருங்கள். குழி மேடாகித் தளும்பினால் அந்தப் பெட்டி வேண்டாம். பிறகு திறந்து தரையில் வையுங்கள்: கீல் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் ஆடும்போது தடதடக்கும். மூடிக் குலுக்குங்கள்: விளிம்பு சரியாகப் பொருந்தாவிட்டால் சின்ன விதை வெளியே வந்துவிடும்.

கூடவே கொடுக்கும் காய்கள் பெரும்பாலும் சோழி. கனம் நன்றாக இருக்கும், சத்தமும்தான். அடுக்குமாடியில் ராத்திரி பத்து மணிக்கு ஆடுவதானால் பெட்டிக்கு அடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்வது கீழ்வீட்டாருக்குச் செய்யும் உதவி. கர்நாடகத்துச் சன்னபட்டணாவின் கடைசல் மணிகளைக் காயாகப் போடலாமே என்று தோன்றும். அரக்குப் பூச்சின் நிறம் ஆளை இழுக்கும், ஆனால் உருண்டை. கை தவறினால் சோபாவுக்கு அடியில்தான். நம் ஓட்டு புளியங்கொட்டைக்கே. சப்பையும் கோணலுமாக இருப்பதால் போட்ட இடத்தில் கிடக்கும். சதை போகக் கழுவி இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைக்காவிட்டால் பிசுபிசுப்பு குழியில் ஏறும். வண்டு துளைத்த கொட்டையை அப்போதே கழித்துவிடுங்கள். தேவை 70தான், ஆனால் 80 எடுத்து வையுங்கள், எப்படியும் காணாமல் போகும். சிவப்பு விதைதான் வேண்டுமென்றால் முழுச்சிவப்பான மஞ்சாடி. கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி கூடாது: அதிலுள்ள அப்ரின் கொடிய நஞ்சு, குழந்தை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பெட்டியோடு வரும் விதித்தாளை நம்பாதீர்கள், பல்லாங்குழியில் ஒரு வகை ஆட்டமான பசுப்பாண்டி இவ்வளவுதான். குழிக்கு ஐந்து. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்புறமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சுற்றுங்கள். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்தது வெறுங்குழி என்றால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். இரண்டு குழி தொடர்ந்து வெறுமை என்றால் ஒன்றும் கிடைக்காது. நடுவில் எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரருக்கு. புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்: போடுகிற வேகத்தில் பசுவைப் பார்க்காமல் தாண்டிவிடுவார்கள். எதிராளியும் வாயைத் திறக்க மாட்டார்.

பத்து ஆட்டம் ஆனதும் விதியில் கைவைக்கத் தொடங்குங்கள், பெட்டியின் மதிப்பு அப்போதுதான் தெரியும். குழிக்கு ஆறு போட்டால் 84 விதை. மூன்று போட்டால் ஆட்டமே கெடும்: இடக்கோடிக் குழியை அள்ளுபவர் அடுத்த மூன்று குழியையும் நாலாக்கி, எடுத்த எடுப்பிலேயே 12 விதையைச் சுருட்டிவிடுவார். ஏன் கெட்டது, எந்த விதியைத் திருத்தினால் சரியாகும் என்று இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து வாதாடுவது நல்ல பொழுது. 'கோடிக் குழியிலிருந்து தொடங்கக் கூடாது' என்ற விதி போதாது. இரண்டாம் குழியும் மூன்றாம் குழியும் அதே வேலையைச் செய்யும்.

ஆள் இல்லாத நாளுக்கு ஒற்றையாள் ஆடும் சீதைப் பாண்டி. ஒரு வரிசை மட்டும், இடமிருந்து 7, 6, 5, 4, 3, 2, 1; மொத்தம் 28. ஏழு உள்ள குழியை அள்ளி, அதே குழியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். வலக்கோடிக்குப் பின் இடக்கோடி. இப்போது ஏழு அடுத்த குழிக்கு நகர்ந்திருக்கும். ஏழாவது முறையில் முதல் அடுக்கே திரும்ப வந்து நிற்கும். அடுத்த குழியில் ஏழு இல்லையென்றால் எங்கோ எண்ணிக்கை தப்பியிருக்கிறது. ஐந்து குழியில் 5, 4, 3, 2, 1 வைத்தாலும் இப்படியே சுழலும். இரண்டு குழிகளின் எண்ணிக்கையை மட்டும் இடம் மாற்றி வைத்து, அது எங்கே போய்ச் சிக்குகிறது என்று பாருங்கள், டீ ஆறிப்போகும்.

குறை உண்டு. நாலைந்து கை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஜெயிக்க நினைக்கும் சதுரங்கக்காரர்களுக்கு இந்த ஓட்டம் எரிச்சல் தரும். மூன்றாவது ஆளுக்கும் இதில் இடமில்லை. அவர் பசுவைக் காட்டிக்கொடுக்கலாம், அவ்வளவுதான்.