நீச்சல் குளத்து டைல்ஸ் இடுக்கின் துருக்கறைக்கு அஸ்கார்பிக் அமிலத் தூள்: ஒரு மதிப்பீடு

எங்கள் அடுக்ககத்து நீச்சல் குளம் ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பப்படுகிறது. நீல நிற டைல்ஸ் பளிச்சென்று இருக்க, அவற்றின் இடுக்கில் பூசிய வெள்ளை கிரவுட் மட்டும் தேயிலைச் சாயம் ஏறியதுபோலப் பழுப்பாகிக்கொண்டே வந்தது. குளத்தை வடித்து ஆசிட் ஊற்றித் தேய்ப்பதுதான் இதற்குப் பலரும் சொல்லும் வழி. அதைத் தவிர்த்து, கெமிக்கல் கடைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும் அஸ்கார்பிக் அமிலத் தூளை, அதாவது வைட்டமின் சி-யை, நாங்கள் பயன்படுத்தினோம்.

ஆசிட்டை நான் ஏன் எதிர்க்கிறேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சிமென்ட் கிரவுட்டை இறுக்கிப் பிடித்திருப்பவை கால்சியம் சேர்மங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கறையோடு சேர்த்து அவற்றையும் கரைத்துவிடுகிறது. கழுவிய அன்று இடுக்கு வெண்மையாகத் தெரிந்தாலும், அதன் மேற்பரப்பு அரிக்கப்பட்டு நுண்துளைகள் பெருகிவிடுவதால், அடுத்து வரும் கறை முன்னிலும் ஆழமாக இறங்குகிறது. அதோடு, பிளீச்சிங் பவுடர் எஞ்சியிருக்கும் தரையில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு வெளிப்படும். முகக்கவசம்கூட இல்லாமல் குளத்துக்குள் இறக்கப்படும் தொழிலாளரின் நுரையீரலைவிட டைல்ஸின் வெண்மை பெரிதல்ல.

கிணற்று நீரில் கரைந்திருக்கும் இரும்பு குளோரின் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீரில் கரையாத துருவாகி, நுண்துளைகள் நிறைந்த கிரவுட்டில் தங்கிவிடுகிறது. அஸ்கார்பிக் அமிலம் அந்தத் துருவை மீண்டும் கரையக்கூடிய இரும்பாக மாற்றுகிறது. தூளை வாங்குமுன் ஒரு சோதனை செய்தாக வேண்டும்: சாதாரண வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறையின் மீது அரை நிமிடம் அழுத்தித் தேய்த்தால், அது துருவாக இருக்கும் பட்சத்தில் அந்த இடம் கண்ணெதிரே வெளுக்கும். வெளுக்காமல், குளோரின் மாத்திரைக்கு மட்டும் மங்கினால் அது பாசியோ இலைச்சாயமோ ஆகும். அதற்கு இந்தத் தூளை வாங்குவது வீண்செலவு.

அளவு, 38,000 லிட்டருக்கு ஏறத்தாழ 450 கிராம். 80,000 லிட்டர் கொண்ட குளத்துக்கு ஒரு கிலோ போதும். அஸ்கார்பிக் அமிலமும் குளோரினும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்வதால், நீரில் குளோரின் அளவு பூஜ்ஜியத்தை நெருங்கிய பிறகே தூளைத் தூவ வேண்டும். அந்த இடைவெளியில் பாசி பிடிக்காதிருக்க, செம்பு கலக்காத பாசிக்கொல்லி ஒன்றை முன்கூட்டியே சேர்ப்பது நல்லது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, கறை மிகுந்த ஓரங்களைச் சுற்றித் தூளைத் தூவினோம். பிரஷ் தொடாத இடுக்குகள்கூட மாலைக்குள் வெளுத்துவிட்டன. கிரவுட் ஓரிடத்திலும் உதிரவில்லை. இத்தனை மென்மையாக வேலை செய்யும் வேறொரு பொருளை நான் பார்த்ததில்லை.

ஆனால் கறை நீங்கியதே தவிர, இரும்பு நீரை விட்டுப் போய்விடவில்லை. கரைந்த இரும்பைப் பற்றிக்கொண்டு அதைப் படியவிடாத எச்.ஈ.டி.பி. வகை உலோகப் பிணைப்பானை உடனே சேர்க்காவிட்டால், குளோரினை உயர்த்தியதும் அதே துரு அதே இடுக்கில் வந்து உட்காரும். தூளை மட்டும் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் அனுப்பும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வாங்குபவர்தான் கேட்டுப் பெற வேண்டும். குளோரினைச் சிறிது சிறிதாகவே ஏற்ற வேண்டும். தூள் நீரின் பி.எச். (அமில-காரத்தன்மை) அளவைக் கீழே இழுத்துவிடுமாதலால், அதை 7.2-க்கு மேல் கொண்டுவரச் சலவைச் சோடாவும் (சோடா ஆஷ்) கைவசம் இருக்கட்டும்.

செம்பினால் வரும் நீலப்பச்சைக் கறைக்கு இந்தத் தூளின் பலன் குறைவு; அங்கே சிட்ரிக் அமிலம் மேல். நீர்மட்டத்தை ஒட்டிப் படியும் வெள்ளை உப்புக்கு இது உதவாது. கிரவுட் ஏற்கெனவே பொடிந்து உதிர்கிறது என்றால் எந்தத் தூளாலும் பயனில்லை. இடுக்கைச் சுரண்டி எடுத்து, எபாக்சி என்னும் பிசினாலான கிரவுட் பூசுவதே சரி. சிமென்ட் கிரவுட்டைவிடப் பல மடங்கு செலவாகும், நீர் நிரப்புமுன் அது இறுக ஒரு வாரமாவது விட வேண்டும் என்றாலும், நீரை உறிஞ்சாத அதில் கறை எளிதில் ஏறாது.

வாங்கும்போது, 99 சதவீதத் தூய்மை என்று அச்சிட்ட, காற்றுப் புகாத பொதியாகப் பாருங்கள். தூள் மஞ்சளித்திருந்தால் அதன் வீரியம் குறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அழகிய குப்பிகளில் ‘கறை நீக்கி’ என்று விற்கப்படுவனவற்றுள் சில இதே அமிலத்தைத்தான் கூடுதல் விலைக்குத் தருகின்றன. லேபிளில் உள்ள மூலப்பொருளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். மிச்சமாகும் பணத்தை, நிரப்பும் குழாயில் இரும்பு நீக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்துவதற்குச் செலவிடலாம். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றும் ஒவ்வொரு லிட்டரோடும் புதிய இரும்பு உள்ளே வருவதை அது ஒன்றே தடுக்கும்.