ராத்திரி கோல்ஃப்: கம்பத்தில் விளக்கா, பந்துக்குள் விளக்கா?

சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டி நண்பர் ஒருவர் ஆறு குழியோடு சின்னதாக ஒரு கோல்ஃப் மைதானம் போட்டிருக்கிறார். பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து எந்தக் குழியும் நூறு மீட்டரைத் தாண்டாது. சித்திரை வெயிலில் அங்கே ஆடுகூட நிழலை விட்டு நகராது, மனுஷன் எப்படி மட்டையோடு நடப்பான்? "மாப்ளே, ராத்திரி ஆடுற மாதிரி பண்ணிக் குடு" என்றார். நான் கபடிப் போட்டிக்கும் திருவிழாவுக்கும் லைட் கட்டுகிறவன். கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை.

பழக்கதோஷம், முதலில் கம்பம்தான் மனதில் வந்தது. துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் ஃபால்டோ மைதானத்தில் 18 குழிக்கும் விளக்குப் போட்டு ஆடுகிறார்கள். நம் கணக்கு அவ்வளவு பெரிதில்லை. 30 மீட்டருக்கு ஒன்று என்றால் 20 கம்பம். ஒவ்வொன்றிலும் 200 வாட் எல்இடி இரண்டு, மொத்தம் 8 கிலோவாட். நாலு மணி நேரம் எரிந்தால் 32 யூனிட். கரண்ட் பில் பயமுறுத்தாது. கம்பம், மண்ணுக்குள் பதிக்கிற கேபிள், எர்த் இவைதான் காசைத் தின்னும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மெட்டல் ஹாலைட் விளக்கு மட்டும் வாங்காதீர்கள். கரண்ட் கண் சிமிட்டினாலும் அது ஆறி மறுபடி எரியப் பல நிமிஷம் ஆகும். ஒரு கபடி அரையிறுதியில் இதற்காக நான் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

சரி என்று இரண்டு கம்பம் நட்டுப் பார்த்தோம். அடித்த பந்து சர்ரென்று ஏறியது, வெளிச்சத்தைத் தாண்டியதும் காணவில்லை. எங்கேயோ தொப்பென்று சத்தம் மட்டும் கேட்டது. கபடியில் எதுவும் மேலே போகாது என்பதால் விளக்கைத் தரையைப் பார்த்தே கட்டிப் பழகியவன் நான். இங்கே சில விளக்குகளையாவது பந்து பறக்கிற உயரத்துக்கு நிமிர்த்த வேண்டும். அப்படி நிமிர்த்தினால் எதிரே நிற்பவர் கண் கூசும். முதுகுப் பக்கம் ஒரே விளக்கு இருந்தால் ஆடுகிறவர் நிழலே பந்தை மறைக்கும். மழை பெய்த மறுநாள் ஈசல் வேறு.

அடுத்தது ஒளிரும் பந்து. இதில் மூன்று ரகம். மடக்கினால் ஒளிரும் ரசாயனக் குச்சியைச் செருகுகிற பந்து, அடித்தால் செத்ததுபோல் விழும், பறக்காது. குச்சியை ஒருமுறை மடக்கி உடைத்துவிட்டால் அணைக்க வழியில்லை. சூட்டில் பளிச்சென்று எரிந்து சீக்கிரம் மங்கிவிடும், அதனால் மதுரையில் அதை ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும். டார்ச் அடித்து ஒளியேற்றும் பந்து நன்றாகப் பறக்கிறது, ஆனால் சில நிமிஷத்தில் மங்கும். எல்இடி பந்து அடி பட்டதும் தானாக எரிந்து, சில நிமிஷம் கழித்து அணையும். தேடுவதற்குள் அணைந்தால் போச்சு. இருந்தும் மூன்றில் என் ஓட்டு எல்இடிக்கே. இருட்டில் அது வளைந்து போகிற கோடு, கம்ப வெளிச்சத்தில் கிடைக்காத காட்சி.

குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், அரைச் சாண்தான். அதற்குள் ஒரு ரசாயனக் குச்சி, குழியில் நட்டிருக்கும் கொடிக்கம்பில் இன்னொன்று போட்டால் போதும். ஆடுகிறவர்கள் கழுத்திலும் ஒளிரும் வளையம் கட்டாயம், இருட்டில் யார் மேல் பந்து விழும் என்று சொல்ல முடியாது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. பந்து தெரியும், கால் வைக்கிற இடம் தெரியாது. தோப்பை ஒட்டிய புல், பக்கத்திலேயே வாய்க்கால். கண்ணாடி விரியனுக்கு இதைவிடத் தோதான இடம் வேண்டுமா?

அதனால் நண்பரிடம் நான் சொன்னது இது. பந்து எல்இடி. நடைபாதை நெடுக முழங்கால் உயரத்தில் மஞ்சள் விளக்கு, அதற்குப் பூச்சியும் குறைவாகவே வரும். பந்து அடிக்கத் தொடங்கும் மேடைக்கு மட்டும் இரு பக்கமும் ஒவ்வொரு ஃபோகஸ். பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்குகிறவர் கையில் டார்ச், காலில் பூட்ஸ். பெரிய கம்பங்களை, வரிசையாக நின்று அடித்துப் பழகும் இடம் தனியாகப் போட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் ஒரு பந்து வாய்க்காலில் விழுந்து, தண்ணீருக்கடியில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. தோப்புக் காவல்காரர் கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஓடியவர்தான், இப்போது சம்பளத்தில் நூறு ரூபாய் கூட்டிக் கேட்கிறாராம்.