பட்டியா, டெக்ஸ்சரா? பழைய உட்சுவர்களுக்கு எது சரி

வீட்டைப் புதுப்பித்தபோது கூடத்தில் ஒரு சுவருக்கு மட்டும் டெக்ஸ்சர், அதாவது மேடும் பள்ளமுமாக வடிவம் எழும் கெட்டிப் பூச்சு, போட்டோம். மற்றதெல்லாம் பட்டி (பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமன்படுத்தப் பூசும் மாவுக்கலவை, வால் புட்டி) பார்த்து வழவழப்பாக முடித்தது. இரண்டோடும் வாழ்ந்து பார்த்ததில் என் ஓட்டு பட்டிக்குத்தான்.

அழகைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அது அவரவர் ரசனை. டெக்ஸ்சரின் மேடுகளில் தூசி தங்கும், துடைக்கும் துணி சிக்கும். பட்டி தேய்க்கும்போது வீடு முழுக்க மாவுத்தூசி பறக்கும், முகக்கவசம் இல்லாமல் நிற்கவே கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், பரிசோதிக்காமல் அதைக் காய்ந்தபடி தேய்க்க விடாதீர்கள்.

முன்வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். உதிரும் பழைய டிஸ்டெம்பரைச் சுரண்ட வேண்டும், எனாமலின் பளபளப்பை உப்புத்தாளால் மங்கடிக்க வேண்டும், ஓதத்தை முதலில் நிறுத்த வேண்டும். "டெக்ஸ்சர் போட்டால் எல்லாம் மறைஞ்சிடும்" என்பார்கள். மேடு பள்ளம் மறையும், உண்மைதான். ஓதம் மறையாது, டெக்ஸ்சரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும்.

மேடு பள்ளம் விஷயத்தில் பட்டிக்கு வரம்பு உண்டு. இரண்டு கோட் சேர்த்து ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றினால் வெடிக்கலாம். அதைவிட ஆழமான பள்ளத்தை முதலில் பூச்சு வேலையால்தான் நிரப்ப வேண்டும். தேய்க்கும்போது ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கரண்டித் தடமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். பென்சிலால் வட்டமிட்டு அங்கே மட்டும் மறுபடி தேய்த்தால் போதும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பிற்பாடு வரும் ஒட்டுவேலை. எந்தச் சுவரும் போட்டபடியே இருப்பதில்லை. புதிதாக ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்பார்கள், வயருக்காகக் காடி வெட்டுவார்கள், ஆணி பிடுங்கிய இடம் பெயர்ந்து வரும். வழவழப்பான சுவரில் அந்த இடத்தில் பட்டி வைத்து, ஓரத்தை அகலமாக இழுத்து, தேய்த்து, பிரைமர் அடித்துப் பெயின்ட் பூசினால் அநேகமாகக் கண்டுபிடிக்க முடியாது. மேட் பெயின்ட் என்றால் இன்னும் நல்லது. பளபளப்பு வகையில் ஒட்டு லேசாகத் தெரியும்.

டெக்ஸ்சரில் அது நடக்காது. கலவையின் கெட்டி, கருவி, அடித்தவரின் கையழுத்தம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வடிவம் வருகிறது. பின்னால் வைக்கும் ஒட்டு, சட்டையில் வேறு துணி தைத்தது மாதிரி தனியாகத் தெரியும். சரியாக வர வேண்டுமென்றால் மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரையும் மறுபடி போட வேண்டும். பிடிக்காமல் போனாலும் இதே கதைதான்: மேடுகளைச் சுரண்டி, முழுக்கப் பட்டி ஏற்ற வேண்டும். வழவழப்பான சுவரிலோ என்றைக்கு ஆசை வந்தாலும் டெக்ஸ்சர் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது கரண்டியால் இழுத்த கனமான வகை. ரோலரில் உருட்டும் மெல்லிய வகையோடு எனக்குப் பழக்கமில்லை. அதில் ஒட்டுவேலை கொஞ்சம் சுலபமாக இருக்கலாம்.

டெக்ஸ்சர்தான் வேண்டும் என்று மனசு கேட்டால், குழாயோ வயரோ ஓடாத, இனி ஓடவும் வாய்ப்பில்லாத சுவராகத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், எந்தக் கலவை, எந்தக் கருவி, எந்த நிற எண் என்று அன்றைக்கே எழுதி வாங்கி வையுங்கள்.