ஓராண்டு அட்டவணை, தியானப் புத்தகம், ஒரு நோட்டு: தினமும் வேதம் வாசிக்க எது தாங்கும்?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று, புது வருஷத்துக்கென்று தட்டிலிருந்து பார்க்காமல் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டை. இன்னொன்று, வருஷத்துக்குள் வேதம் முழுவதையும் வாசித்து முடிப்பதற்கான அட்டவணை. பாளையங்கோட்டையில் வளர்ந்த எனக்கு இவை இரண்டும் இல்லாமல் ஒரு புது வருஷம் பிறந்ததாக ஞாபகம் இல்லை. வசன அட்டை பைபிளுக்குள் போகும். அட்டவணை பீரோ கதவில் ஏறும். பிப்ரவரி பாதியில் அதில் டிக் போடுவது நின்றிருக்கும்.

இப்போது நான் அட்டவணையை வைத்து வாசிப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரே புத்தகத்தை எடுத்து, மெதுவாக வாசித்து, நோட்டில் மூன்று வரி எழுதுகிறேன். நான்கு வருஷமாக இதுதான் எனக்குத் தங்கியிருக்கிறது. அதற்கு முன்னால் அட்டவணையோடும் தியானப் புத்தகத்தோடும் பல வருஷம் இருந்திருக்கிறேன். எது யாருக்கு ஒத்துவரும் என்று தங்கைமார் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் செவிலியர், கண் வார்டில் வேலை. காலை, மதியம், இரவு என்று டூட்டி மாறிக்கொண்டே இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குத் தவறாமல் எழுந்து உட்கார முடிகிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம்.

செலவு, நேரம் எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை. மூன்றுக்கும் பெரிய செலவு கிடையாது. ஜெபித்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதும் மூன்றுக்கும் பொது.

முதலில் ஓராண்டு அட்டவணை. நம் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். வாரநாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23 ஆகும், 52 வாரத்தில் முடிந்துவிடும். ஆதியாகமம், யாத்திராகமம் என்று வரிசையாகப் போகாத அட்டவணைகளும் உண்டு. 1842-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் என்ற இளம் போதகர் தன் சபைக்குப் போட்டுக்கொடுத்த அட்டவணை இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. தினமும் நான்கு இடங்களிலிருந்து வாசிப்பு. வருஷக் கடைசியில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் முடிந்திருக்கும்.

அட்டவணை எனக்குக் கொடுத்ததை நான் மறக்க மாட்டேன். மூன்று தடவை தொடங்கி ஒரு தடவை முடித்தேன். அந்த ஒரு தடவையில்தான் 2 சாமுவேல் 21-இல் ரிஸ்பாளைச் சந்தித்தேன். கொல்லப்பட்ட தன் பிள்ளைகளின் உடல்களுக்குப் பக்கத்தில், பாறையின்மேல் இரட்டுத்துணியை விரித்து, அறுப்புக் காலத் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் அண்டாமல் காவல் இருக்கிறாள். அத்தனை வருஷம் கோயிலுக்குப் போயும் இவளைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. இரவு டூட்டியில் பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்தே தூங்கும் தாய்மாரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வரும். வேதத்தின் மூலைமுடுக்குகளுக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போவது அட்டவணைதான். வாழ்க்கையில் ஒரு தடவையாவது முழுசாக முடியுங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன்.

அடுத்தது தியானப் புத்தகம். தேதி போட்ட பக்கம், மேலே ஒரு வசனம், ஒரு சின்னச் சம்பவம், அதிலிருந்து ஒரு சிந்தனை, கடைசியில் இரண்டு வரி ஜெபம். இப்போது இதுவே காலையில் போனிலும் வந்துவிடுகிறது. நாளுக்கு ஒரு வசனம் என்ற பழக்கம் பழையது. 1728-ஆம் வருஷம் மே 3-ஆம் தேதி, ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் சின்சென்டார்ஃப் பிரபு தன் சபையாருக்கு மறுநாளுக்கென்று ஒரு வசனம் கொடுத்தார். 1731-இலிருந்து அது வருஷந்தோறும் புத்தகமாக அச்சாகி வருகிறது. அதில் பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் சீட்டு எடுத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குப் பொருத்தமாகப் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆட்கள் பார்த்துச் சேர்க்கிறார்கள். நம் ஊர் வசன அட்டையை நினைத்துக்கொண்டேன்.

அப்பா இறந்த பிறகு மூன்று மாதம் என்னால் ஒரு அதிகாரத்தைத் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. கண் வரியில் ஓடும், மனசு ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்கும். அந்த நாட்களில் சாயங்கால ஜெபத்தில் அம்மா தியானப் புத்தகத்திலிருந்து வாசித்த அரைப் பக்கம்தான் எனக்கு வேதம். அதனால் இதைக் குறைவாகப் பேச மாட்டேன். துக்கத்தில் இருப்பவருக்கும், இப்போதுதான் விசுவாசத்துக்குள் வந்தவருக்கும் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

ஆனால் அதிலேயே ஐந்தாறு வருஷம் இருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். வசனத்தை வேகமாகத் தாண்டிச் சம்பவத்துக்குப் போய்விடுவேன். மதியம் யோசித்தால் கதை ஞாபகம் இருக்கும், வசனம் எந்தப் புத்தகம் என்றுகூட வராது. இன்றைக்கு ஏசாயா, நாளைக்கு யாக்கோபு, மறுநாள் சங்கீதம். அந்த வசனத்துக்கு முன்னால் யார் பேசினார், யாரிடம் பேசினார் என்பது தெரியாமலே வருஷங்கள் போயின. வேறொருவர் வாசித்து, யோசித்து, ஜெபித்து எழுதியது எனக்கு வந்தது. என் பங்கு கேட்பது மட்டும்.

சரி, இப்போது எனக்கு முடிவு சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் வாசிக்கிற நாளை வைத்தே யோசிக்கிறோம். தொடக்கத்தில் எல்லா முறையும் நன்றாகத்தான் போகும். வாசிக்காமல் விட்ட நாளுக்கு மறுநாள் அந்த முறை நம்மை எப்படி வரவேற்கிறது? அதைத்தான் பார்க்க வேண்டும் என்று தாமதமாகப் புரிந்துகொண்டேன். காய்ச்சல், கல்யாண வீடு, பிள்ளைக்குப் பரீட்சை, இரவு டூட்டி என்று விடுகிற நாள் எல்லாருக்கும் வரும்.

அட்டவணையில் விட்ட நாள் கடனாகிறது. வரிசையாகப் போகும் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90 அதிகாரம். வாரத்துக்கு 23 என்றால் ஜனவரி 28 வாக்கில் லேவியராகமம் வந்துவிடும். எனக்கு ஒரு வருஷம் சரியாக அந்த வாரம் இரவு டூட்டி. ஆறு நாள் விட்டுப்போய் இருபது அதிகாரம் சேர்ந்துவிட்டது. ஒரு அதிகாரத்துக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் நூறு நிமிஷம். ஞாயிறு மதியம் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஓட்டினேன். குஷ்டரோகச் சட்டங்கள் வரும் 13-ஆம் அதிகாரத்தில் 59 வசனங்கள். அதில் ஒன்றுகூட மனசில் இறங்கவில்லை. டிக் மட்டும் போட்டேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "யாருக்கும்மா கணக்கு ஒப்படைக்கப் போற?" கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

தியானப் புத்தகத்தில் விட்ட நாளுக்குக் கடன் இல்லை, இன்றைய தேதியைத் திறந்தால் போதும். இது பெரிய நிம்மதி. ஆனால் ஒன்பது நாள் விட்டாலும் எதையும் இழந்ததாகத் தெரியாது என்பதை யோசித்தபோதுதான் எனக்கு உறுத்தியது. தொடர்ச்சி இருந்தால்தானே அது அறுந்தது தெரியும்?

வனாந்தரத்தில் இஸ்ரவேலர், தேவன் தந்த மன்னா என்ற உணவை அவரவர் அன்றன்றைக்குச் சாப்பிடும் அளவுக்கு எடுத்தார்கள். மறுநாளைக்கென்று வைத்தது புழுத்துப்போனது என்று யாத்திராகமம் 16 சொல்கிறது. ஒருநாள் அந்த அதிகாரத்தை வாசித்தபோது, விட்டதையெல்லாம் சேர்த்து வாசிக்கும் பழக்கத்தை நிறுத்திவிடலாம் என்று தீர்மானித்தேன். ஆனால் எனக்குத் தொடர்ச்சியும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைத்தது நோட்டில்தான்.

முறை இவ்வளவுதான். ஒரு புத்தகம். அதில் ஏதாவது ஒன்று என்னை நிறுத்தும்வரை வாசிப்பேன், அதிகபட்சம் ஒரு அதிகாரம். சில நாள் நான்கே வசனத்தில் நின்றுவிடும். தேதி போட்டு மூன்று வரி: இங்கே என்ன நடக்கிறது, எது என்னை நிறுத்தியது, இதை வைத்து இன்று என்ன ஜெபிக்கிறேன். பைபிளின் நாடாவை அந்த இடத்தில் வைத்து மூடிவிடுவேன். வீட்டில் நாங்கள் வாசிப்பது பழைய மொழிபெயர்ப்பு. அதன் தமிழ் எங்காவது பிடிபடாவிட்டால் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தைப் பார்ப்பேன். பவுல் எழுதிய நிருபங்களின் (கடிதங்களின்) நீண்ட வாக்கியங்களில் இது நிறையவே கைகொடுக்கிறது.

பத்து நாள் விட்டுப்போனாலும் நாடா அங்கேயே இருக்கும். நோட்டில் கடைசி மூன்று நான்கு நாள் எழுதியதை ஒரு தடவை ஓட்டினால், ஒரு நிமிஷத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். அதுவும் என் கையெழுத்தில், என் வார்த்தையில் இருக்கிறது. நோட்டு இல்லாமல் வெறும் நாடாவை மட்டும் நம்பியும் பார்த்தேன், நிற்கவில்லை. திரும்பி வரும்போது நடுவழியில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மாற்கு சுவிசேஷம் மொத்தமே 16 அதிகாரம்தான். அட்டவணைப்படி ஐந்து நாளில் முடிந்துவிடும். நான் இரண்டரை மாதம் எடுத்தேன், நடுவில் பல நாள் விட்டேன். எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடனின் கையைப் பிடித்து இயேசு கிராமத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போகிறார். முதல் தடவை கை வைத்ததும் அவன், "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். மறுபடியும் கை வைத்த பிறகே தெளிவாகக் காண்கிறான். அன்று நோட்டில் எழுதினேன்: "ஏன் இரண்டு தடவை?" அன்றைக்கு வார்டில் கண்புரை ஆபரேஷன் முடிந்த ஒரு தாத்தாவுக்குக் கட்டுப் பிரித்தோம். "வெளிச்சம் தெரியுது சிஸ்டர், ஆளுதான் கலங்கலா இருக்கு" என்றார். பயப்படாதீங்க தாத்தா, போகப்போகத் தெளியும் என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் அதே அதிகாரத்தில் இயேசுவின் சீஷன் பேதுரு, "நீர் கிறிஸ்து" என்கிறான். நான்கு வசனம் தாண்டி அவனே, தாம் பாடுபட வேண்டும் என்று இயேசு சொன்னதை மறுத்து, "எனக்குப் பின்னாகப்போ" என்று அவரால் கடிந்துகொள்ளப்படுகிறான். இயேசு யார் என்று தெரிந்துவிட்டது, அவர் பாடுபடப் போகிறார் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. முந்தின நாள் கேள்வி நோட்டில் இருந்ததால் இரண்டும் சேர்ந்தன. பேதுருவுக்கும் அப்போது மனுஷர் மரங்களாகத்தான் தெரிகிறார்கள். அப்புறம் 8, 9, 10 என்று மூன்று அதிகாரத்திலும் இயேசு ஒவ்வொரு தடவை தம் மரணத்தைச் சொல்கிறார். சீஷருக்கு ஏறவில்லை, யார் பெரியவன் என்று பேசுகிறார்கள். பத்தாம் அதிகாரக் கடைசியில் இன்னொரு குருடன், பர்திமேயு. அவன் உடனே பார்வையடைந்து, வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான். இரண்டு குருடருக்கும் நடுவில்தான் கண் திறந்தும் காணாத சீஷரை மாற்கு வைத்திருக்கிறார்! வேத அறிஞர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆனால் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஒரு டூட்டி வாரத்தின் நடுவில், என் நோட்டிலேயே கிடைத்தது. அன்று எழுதிய ஜெபம் ஒரே வரி: "ஆண்டவரே, இன்னொரு தடவை கை வையும்." இப்போதும் அதே ஜெபத்தைச் செய்கிறேன்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். நான் போகும் வேகத்தில் மாதத்துக்கு எட்டுப் பத்து அதிகாரம்தான் ஆகிறது. அப்படிப் பார்த்தால் வேதம் முழுவதும் முடிய பத்துப் பன்னிரண்டு வருஷமாகும். பிடித்த புத்தகங்களையே சுற்றிச் சுற்றி வரும் ஆபத்தும் இருக்கிறது. லேவியராகமத்தை இந்த முறையில் நான் இன்னும் தொடவில்லை, எசேக்கியேலையும் தொடவில்லை. இன்னொரு பயம், தனியாக வாசிக்கும்போது தப்பாகப் புரிந்துகொள்வது. அதற்காக, நெருடலான இடத்தில் நோட்டின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்து எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களிடம் கேட்கிறேன். அவரும் சில கேள்விகளை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

சபை நாட்காட்டிப்படி வாசிப்பது பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல முடியும். கூட வேலைசெய்யும் கத்தோலிக்கத் தோழியோடு ஈஸ்டருக்கு முந்தின ஒரு லெந்து காலம் முழுக்க அவர்களுடைய திருப்பலி வாசகங்களை வாசித்தேன். அவர்கள் தவக்காலம் என்பார்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷச் சுற்று, தவக்காலம் போன்ற விசேஷ காலங்கள் தவிர மற்ற வாரநாட்களின் முதல் வாசகம் இரண்டு வருஷச் சுற்று. உலகம் முழுக்க அன்று அதே பகுதியை வாசிக்கிறார்கள் என்ற எண்ணமே ஒரு துணையாக இருந்தது. நாற்பது நாள் அனுபவத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமாகாது. ஒலி வேதாகமத்தைப் பஸ்ஸில் கேட்டுப் பார்த்தேன். ராஜாக்கள், நாளாகமம் போன்ற சரித்திரப் புத்தகங்களுக்கு நன்றாக இருந்தது, நிருபங்களுக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

நோட்டோடு தொடங்க விரும்புகிறவர்கள் மாற்கில் தொடங்கலாம். அது நீளமாகத் தெரிந்தால் ரூத், யோனா, பிலிப்பியர் மூன்றுமே நான்கு நான்கு அதிகாரம்தான். டைரி வாங்க வேண்டாம். அச்சடித்த தேதி இருந்தால் வெற்றுப் பக்கம் கண்ணை உறுத்தும். சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும், தேதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது ரூத் இரண்டாம் அதிகாரம் நடக்கிறது. கடைசியாக எழுதிய தேதிக்குப் பின் ஆறு நாள் ஆகிவிட்டது. போவாஸின் வயலில் ரூத் கதிர் பொறுக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் நாடா இருக்கிறது, இன்று மதியம் டூட்டிக்குக் கிளம்புவதற்குள் திறந்துவிடுவேன்.