மிஸ் அடிக்கும் எஞ்சின்: பாகத்தை மாற்றுவதா, மீட்டர் வைப்பதா, லைட்டைக் கட்டுவதா?

முட்டத்தில் எங்கள் ஃபைபர் வள்ளத்துக்கு 40 குதிரைத்திறன் எஞ்சின். இரண்டு சிலிண்டர், பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது. ஆவணி மாதம் முழுக்க அது என்னைப் படுத்திவிட்டது. கரையை விட்டு முக்கால் மணி நேரம் நன்றாக ஓடும். அப்புறம் ஒரு குலுக்கல், சத்தம் கட்டையாகும், வேகம் பாதியாகும். பத்துப் பதினைந்து நொடியில் தானாகவே சரியாகிவிடும். கரையில் மெக்கானிக்கிடம் காட்டினாலோ, ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

இப்படி விட்டுவிட்டு வரும் மிஸ்ஸுக்கு, அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுவதற்கு, காரணம் தேட மூன்று வழி உண்டு. சந்தேகப்படும் பாகத்தை மாற்றிப் பார்க்கலாம், மல்ட்டிமீட்டரால் அளக்கலாம், பிளக் வயரில் பொறி போகும் ஒவ்வொரு முறையும் மின்னும் டைமிங் லைட்டைக் கட்டிக் கடலில் ஓட்டிப் பார்க்கலாம். மூன்றையும் செய்துவிட்டேன். நான் மூன்றாவதன் பக்கம்தான்.

மாற்றிப் பார்ப்பதில், சிலிண்டருக்குள் பொறி விடும் ஸ்பார்க் பிளக்கோடு தொடங்குவது சரியே. மண்ணெண்ணெயில் கரி சீக்கிரம் படியும், பிளக் விலையும் பெரிதல்ல. ஆனால் இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. புது பிளக்கின் முனை கூர்மையாக, இடைவெளி சரியாக இருப்பதால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாவிவிடும். பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் (கம்பிச்சுருள்) பலவீனமாக இருந்தாலும் அதை வைத்துச் சில நாள் ஓட்டிவிடும். எனக்கு மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் அதே குலுக்கல். அடுத்து, காயிலுக்கு மின்துடிப்பு அனுப்பும் சி.டி.ஐ. பெட்டியை மாற்றினோம். மிஸ் போகவில்லை. பிரித்து மாட்டிய மின்சாமானைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். பழைய பெட்டி நல்லது என்று தெரிந்துகொள்ள ஒரு புதுப் பெட்டியின் விலையைக் கொடுத்தேன்.

மல்ட்டிமீட்டர் கையில் இருக்க வேண்டிய சாமான்தான். அறுந்த வயர், துருவேறிய எர்த், ஈரம் புகுந்த ஸ்டாப் ஸ்விட்ச் எல்லாம் அதில் பிடிபடும். ஆனால் கரையில் ஆறிய எஞ்சினில் என் இரண்டு காயிலும் ஒரே அளவைத்தான் காட்டின. மீட்டர் ஓம் அளக்கும்போது கொடுப்பது சில வோல்ட். காயில் வேலை செய்வதோ பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். சூடேறியதும் உள்ளே இன்சுலேஷன் கசிந்தால் அது அந்தச் சில வோல்ட்டில் எப்படித் தெரியும்? சி.டி.ஐ. அனுப்பும் மின்துடிப்பும் சாதாரண மீட்டர் பிடிக்க முடியாத அளவுக்குக் குறுகியது. அதற்கு பீக் வோல்ட்டேஜ் அடாப்டர் தனியாக வேண்டும்.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்துக் கயிறை இழுத்துப் பொறி பார்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அதை நம்பித்தான் நானும் இரண்டு வாரம் வீணாக்கினேன். வெளிக்காற்றில் பொறி எளிதாகத் தாவும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் அதே இடைவெளியைத் தாண்ட வோல்ட் பல மடங்கு வேண்டும்.

எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட இது ஒன்றுதான் முக்கியம்: கோளாறு வருகிற அந்தப் பத்து நொடியில் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோமா? சூடும் பாரமும் சேர்ந்தால்தான் என் எஞ்சின் மிஸ் அடித்தது. கரையில் இரண்டுமே கிடையாது. லைட்டை மட்டும்தான் அந்த இடத்துக்கே கொண்டுபோக முடியும்.

லைட்டின் விலை சி.டி.ஐ. பெட்டியில் கால்வாசி. என் எஞ்சினில் பேட்டரி இல்லாததால் பழைய பைக்கின் 12 வோல்ட் பேட்டரியை எடுத்துப் போனேன். தம்பி சுக்கானில், நான் மூடியைக் கழற்றி லைட்டோடு. ஃப்ளைவீல் திறந்து சுற்றும் என்பதால் கைலியை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், தனியாளாக இதைச் செய்யவே கூடாது. கிளிப்பை ஒரு பிளக் வயரில் மாட்டி, பக்கத்து வயர் அதைத் தொடாமல் விலக்கிவைத்தேன். டைமிங் குறியெல்லாம் பார்க்க வேண்டாம், வெயிலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளிச்சத்தை உள்ளங்கையில் அடித்தால் போதும். சுற்றுக்கு ஒரு பொறி விடும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றில் ஓடினால் நொடிக்கு 75 மின்னல், கண்ணுக்கு ஒரே வெளிச்சமாகத் தெரியும். பொறி விட்டால் வெளிச்சம் நொண்டும்.

முதலில் மேல் சிலிண்டரில் மாட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்துக் குலுக்கல் வந்தது. வெளிச்சம் அசையவில்லை. கீழ் சிலிண்டருக்கு மாற்றிக் காத்திருந்தேன். அடுத்த குலுக்கலில் உள்ளங்கை இருண்டது, திரும்ப மின்னியது, மறுபடி இருண்டது. ஒரு மாதமாகத் தேடியது கைக்குள் தெரிந்த அந்த நேரத்தை மறக்க முடியாது.

கரைக்கு வந்து மேல் காயிலையும் கீழ் காயிலையும் இடம் மாற்றினேன். காசு செலவில்லாத இந்த மாற்றிப் பார்த்தலை மட்டும் நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். மறுநாள் மிஸ் மேல் சிலிண்டருக்கு ஏறியது. காயில்தான். புதுக் காயில் போட்ட பிறகு ஐப்பசி முடியும் வரை ஒரு குலுக்கல்கூட இல்லை. மிஸ் கீழேயே நின்றிருந்தால் வயரையும் எர்த்தையும் பார்த்துவிட்டு சி.டி.ஐ.க்குப் போயிருப்பேன். இரண்டு சிலிண்டருக்கும் ஒரே இரட்டைக் காயில் உள்ள எஞ்சினில் இந்த வசதி கிடையாது.

இரண்டு வயரிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் நொண்டினால் ஸ்டாப் ஸ்விட்ச் வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போது பட்டனால் எஞ்சினை நிறுத்த முடியாது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஓட்டுபவர் உடம்போடு கட்டும் பாதுகாப்புக் கயிறு கழன்றாலும் எஞ்சின் நிற்காது என்பதால் ஆள் விழாமல் மெதுவாக ஓட்டி, பார்த்து முடித்ததும் வயரைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

வெளிச்சம் சீராக இருந்தும் எஞ்சின் திணறினால் கோளாறு மண்ணெண்ணெய் வரும் பக்கம். எரிபொருள் குழாயில் இருக்கும் கைப்பம்பை அழுத்தியதும் எஞ்சின் எழுந்தால் மண்ணெண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகைப் பாருங்கள். அது மூடியிருந்தாலும் கொஞ்ச நேரம் நன்றாக ஓடித்தான் திணறும், அதனால் காயில் கோளாறு மாதிரியே தோன்றும்.

கார்புரேட்டர் எஞ்சின்களில்தான் எனக்கு அனுபவம். ஊசி வழி எரிபொருள் தெளிக்கும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை நான் பிரித்ததே இல்லை. அதைக் கணினியோடு இணைத்துப் பிழைக்குறியீடு படிப்பார்கள். அந்த எஞ்சின் வைத்திருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு லைட் வாங்குவதற்கு முன் அதைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.